இடுப்புப் பட்டி வைத்த கமராப் பை

நான் திருகோணமலையில் கலியாண வீடுகளில் படம் எடுப்பவள். பஸ்ஸிலும் படகிலும் கமராவோடு திரிய வேண்டியிருப்பதால், தண்ணீர் புகாத முதுகுப் பை ஒன்று வாங்கினேன். நெஞ்சிலும் இடுப்பிலும் பட்டிகள் இருந்தன. "கொழுவினா அசையவே அசையாது, அக்கா" என்றார் கடைக்காரர். அதற்காகவே எடுத்தேன்.

அடுத்த வாரம் பக்கத்துச் சல்லிக் கடற்கரையில், மச்சான் ரவியின் படகில் கடலைப் படம் எடுக்கப் போனேன். திரும்பும்போது, கரைக்குக் கிட்ட ஓர் அலை படகைப் புரட்டிவிட்டது. தண்ணீர் நெஞ்சளவுதான். ஆனால் காற்று நிறைந்த பை முதுகில் மிதந்து, என்னைக் குப்புறக் கவிழ்த்து, முகத்தை நீருக்குள் அமுக்கியது. கால் ஊன்ற முடியவில்லை. நெஞ்சுப் பட்டியை எப்படியோ கழற்றினேன். இடுப்புப் பட்டியின் கொழுவி ஈரச் சட்டைக்குள் சுருண்டு இறுகியிருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்தேன். அசையவில்லை. உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. வீட்டில் இருந்த மகளை நினைத்தேன்.

ரவி என்னைப் பையோடு தூக்கி நிமிர்த்தினார். "கமரா போனா வேற வாங்கலாம், மச்சாள்! இப்பிடியா கட்டிக்கொண்டு வாறது?" என்று கத்தியபடி பட்டியைக் கத்தியால் அறுத்தார். என்னைக் கரைக்குக் கூட்டி வந்தார். மணலில் கிடந்து அழுதேன்.

இப்போது பை வாங்குமுன் முதுகில் மாட்டி, கண்ணை மூடி, ஒரே கையால் எல்லாப் பட்டிகளையும் கழற்றிப் பார்க்கிறேன். கடையில் சிரிக்கிறார்கள். படகில் ஏறினால் பையை மடியில்தான் வைத்திருக்கிறேன், எந்தப் பட்டியையும் கொழுவாமல்.