முருகன் முன்னால் இருக்கும் நீலப்பூக் கிண்ணம்

நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

இன்று காலை, பழைய பீங்கான் வாங்கும் ஒருவர் கொட்டகலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார். சாமி மாடத்தில் நாங்கள் திருநீறு வைத்திருக்கும் நீலப்பூக் கிண்ணத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்த வருஷம், வெள்ளைத் துரைசாணி சீமைக்குப் புறப்படும்போது என் மனைவிக்குக் கொடுத்தது அது. அவள் துரை பங்களாவில் பூப் பறித்தவள். வாசல் தாண்டி உள்ளே போனதில்லை. நல்ல சாமான் சாமிக்குத்தான் என்று வைத்துவிட்டாள்.

"அடியில முத்திரை பாக்கணும்மா" என்றார் வந்தவர். அவள் திருநீற்றைக் கடதாசியில் கொட்டிவிட்டுக் கொடுத்தாள். கவிழ்த்துப் பார்த்தார், நகத்தால் சுண்டினார், உள் விளிம்பைத் தடவினார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் விலை சொன்னார்.

"சாமி சாமானுங்க. குடுக்கமாட்டேன்."

"அம்மா, இது துரை குளிக்கிற ரூம்ல சவுக்காரம் வச்ச கிண்ணம். தண்ணி வடிய ஓட்டை போட்ட தட்டு ஒண்ணு இந்த விளிம்புல உக்காரும். இதுலயா திருநீறு?"

அவள் கிண்ணத்தை வாங்கி, முந்தானையால் துடைத்து, திருநீற்றைத் திரும்பக் கொட்டினாள்.

"சவுக்காரம் வச்சதுன்னா சுத்தமாத்தானே இருந்திருக்கும்? இத்தன வருஷம் முருகனே ஒண்ணும் கேக்கல. ஒங்களுக்கு என்னங்க?"

அவர் சிரித்துவிட்டு, அதே கிண்ணத்திலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டு போனார்.

உங்கள் வீட்டுச் சாமி மாடத்திலும் பங்களாச் சாமான் ஏதும் இருக்கிறதா? இருந்தால் கவிழ்த்துப் பார்க்காமல் சொல்லுங்கள்.