பகலில் விண்மீன் காட்டிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் மீது அன்பு கொண்டு இன்று கூடியிருக்கும் உங்களோடு அவருடைய வாழ்வைச் சிறிது பகிர்ந்துகொள்கிறேன்.

தாசேக் கெலுகோர் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானபோது நான் தொடக்கப்பள்ளி மாணவன். அக்கா தம் மேற்படிப்பைக் கைவிட்டு, ஜெலுத்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் தம்மோடு அழைத்துவந்து, என்னைப் பட்டதாரியாக்கினார்.

விண்மீன்கள் பகலில் தூங்கப் போய்விடும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது எளிது. அக்காவுக்கு அதில் உடன்பாடில்லை. இன்று நம்பியதை நாளை பொய்யென்று அறியும் பிள்ளை, நாம் சொல்லும் மற்றவற்றையும் ஐயுறாதா என்பார். ஆகவே பால்மாவு டின் ஒன்றில் ஆணியால் துளையிட்டு, உள்ளே டார்ச் லைட்டைப் பொருத்தினார். அறை இருண்டால் கூரையில் ஒளிப்புள்ளிகள் மின்னும். வெயில் நுழைந்தால் மறையும்.

முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் திரைகளை மூடி விளக்கை அணைத்துவிட்டார். ஷாலினி என்ற சிறுமி அலறினாள். அதன்பின் பள்ளி வாசலைக் கண்டாலே அழுதாள். அவளுடைய தாயார் தொழிற்சாலை ஊழியர்; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

“என்னா டீச்சர், பிள்ளைய இருட்டுல போட்டு அடைச்சீங்களாமே? நான் வேலைக்குப் போறதா, இவள இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறதா?” என்று கேட்டார்.

அக்கா சாக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, “அந்தப் பிள்ள திரும்பி வரலன்னா நான் வேலைய விட்டுர்றேன் தம்பி. பயங்காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் எதுக்கு?” என்றார்.

மறுநாள் அவர்களின் பிளாட்டுக்கு நானும் துணைக்குச் சென்றேன். அக்கா மன்னிப்புக் கேட்டு, தாயும் மகளும் ஒருமுறை வகுப்பில் சேர்ந்து அமரும்படி வேண்டினார். தாயார் மகளைத் தம் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு நாள்தான். அழுதா தூக்கிட்டுப் போயிடுவேன் லா.”

அன்று நடந்ததை அக்கா அடிக்கடி சொல்லி மகிழ்வார். திரையின் கயிற்றை ஷாலினியிடமே கொடுத்து, “இருட்டு வேணுமா வேணாமான்னு நீதான் சொல்லணும்” என்றாராம். அவள் சற்றே இழுத்தாள், உடனே திறந்தாள்.

“மூடு லா, ஷாலினி!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“சத்தம் போடாதீங்க. இன்னைக்கி அவதான் பாஸ்!” என்றாராம் அக்கா.

திறந்தும் மூடியும் பார்த்தவள், ஒருவழியாக முழுவதும் மூடினாள். கூரையெங்கும் புள்ளிகள். மறுபடி திறந்தாள், ஒன்றையும் காணவில்லை. ஓடிப்போய் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு! வெயிலுதான் மறைக்குது!”

“வானத்துலயும் அப்படித்தாம்மா. அதுங்க எங்கயும் போகல” என்றார் அக்கா.

பின்வரிசையிலிருந்து தாயாரின் குரல் கேட்டது: “இன்னொருக்கா மூடு, ம்மா. நான் சரியா பாக்கல.”

அன்றுமுதல் அக்காவின் வகுப்பில் திரையை மூடும் உரிமை பிள்ளைகளுடையதாயிற்று.

சிறுநீரக நோயால் அக்கா துன்புற்ற கடைசி மாதங்களில் அவரைப் பேணிய தாதியருக்கும், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற அண்டைவீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஷாலினியின் தாயாருக்குத் தனியே ஒரு சொல்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. அதற்குப் பிறகும் பிள்ளையின் கையைப் பிடித்து அந்த வாசலுக்கு வந்தீர்கள். எங்கள் அக்கா கடைசிவரை ஆசிரியையாகவே வாழ்ந்தது நீங்கள் கொடுத்த அந்த ஒரு நாளால்தான்.