டாங்கியில் ஏறாதவர்கள்

2003 மார்ச் 6, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது. சைபருக்குக் கீழே பதினான்கு பாகை, பொடிப் பனி. டவுன்டவுனில் மெட்ரோவை விட்டு மேலே வந்தபோது, கீழ்வீட்டு முசியே தன் புகைப்படப் புத்தகத்தை இரண்டு பொலித்தீன் பைகளால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று எனக்கு ஒரே பதற்றம்.

கனடாவில், லாசால் பகுதியில், எங்களுக்கு நேர் கீழே தனியாகக் குடியிருந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் சண்டையிட்ட கனடியச் சிப்பாய். அத்தனை வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல், பிரெஞ்சுக்காரர் ஐயா என்பதற்குச் சொல்லும் முசியே என்றே அழைத்தோம்.

அன்று என் தங்கை மகனின் அகதி விசாரணையில் இரண்டாவது அமர்வு. முதல் அமர்வைக் கெடுத்தது ஒரு புகைப்படம். ஊரில் எங்கள் வீட்டுச் சிறு தெருவான ஒழுங்கையின் முடக்கில் உடைந்து கிடந்த இராணுவக் கவச வாகனத்தின் மேல் ஏழு பெடியள் சிரித்தபடி இருக்கிறார்கள், நடுவில் அவன். சண்டை வாசல்வரை வந்ததற்குச் சாட்சி என்று அவனே அதைக் கோப்பில் வைத்துவிட்டான். இதை அழித்தவர்களில் நீரும் ஒருவரா என்று அதிகாரி கேட்டார். ஆம் என்று முடிவானால், போராளி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஏன்டா இதைக் குடுத்தனி?" என்று அந்த முதல் அமர்வு முடிந்து வீடு வந்ததும் என் மனைவி கத்தினாள்.

"ஒழுங்கையைக் காட்டத்தான் மாமி. சந்திக் கடைக்காரரும் ஏறி நிண்டு படம் எடுத்தவர்."

"அவரை ஆர் கேக்கினம்? நீயெல்லோ இஞ்சை கூண்டிலை நிக்கிறாய்!"

அந்தச் சத்தம் கேட்டுத்தான் முசியே மேலே வந்தார். வகுப்பில் படித்த பிரெஞ்சை வைத்து மருமகன் விஷயத்தைச் சொன்னான். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தான் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். இதற்கு எவ்வளவு கேட்பாரோ என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

படப் புத்தகத்தில் முப்பத்தொரு படங்கள், எல்லாமே ஜெர்மானியக் கவச வாகனங்கள். சங்கிலிப் பட்டை அறுந்தது, பள்ளத்தில் குப்புறக் கிடந்தது, முசியேயின் படையினர் கைப்பற்றித் தங்கள் வெள்ளை நட்சத்திரம் பூசி ஓட்டியது. ஒன்றில் பெரிய டாங்கி, குழல் நிலத்தைப் பார்த்துத் தொங்குகிறது. மேலே பதினொரு பேர்: மாவு படிந்த பேக்கரிக்காரர், இரண்டு கன்னியாஸ்திரீகள், கைக்குழந்தையோடு ஒரு பெண், மற்றவர்களும் ஊர்ச் சனம். விசாரணை அறையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்த அதிகாரி அந்தத் தாளில் நின்றார். அவர்கள் பேசிய பிரெஞ்சு, மொழிபெயர்ப்பாளர் வாயால் எங்கள் தமிழில் வந்தது.

"இவையிலை ஆர் இதை அடிச்சது?"

"ஒருத்தருமில்லை. அது இனி ஓடாதெண்டு தெரிஞ்ச பிறகு ஏறின சனம்."

"அடிச்சவை ஏறேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முசியே கடைசித் தாளைத் திருப்பினார். அதே டாங்கி, சனம் ஏறியதற்கு முதல் நாள். மூடி திறந்திருக்கிறது, புகை. தூரத்திலிருந்து எடுத்த படம், சற்றுச் சரிந்திருந்தது. மேலே யாருமில்லை.

"அடிச்சது நாங்கள். உள்ளுக்கை அஞ்சு பேர் இருந்தவை. கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. நாங்கள் கிட்டப் போகேல்லை."

மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முடித்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முசியேயின் கை அந்தத் தாளின் மேலேயே இருந்தது. திரும்பும் வழியில், மெட்ரோவில், இதைத் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்றார்.

மருமகனை ஏற்றுக்கொண்டார்கள். பணத்தோடு கீழே போனபோது முசியே கோபித்துக் கதவைச் சாத்தப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த ஏழு பெடியளின் படத்தில் ஒரு பிரதி.

நான்கு வருடங்களின் பின் அவர் இறந்தார். வீட்டைக் காலிசெய்யப் பக்கத்து நகரான லவாலிலிருந்து வந்த மகள் எங்களைக் கூப்பிட்டாள். படப் புத்தகத்தில் அந்தப் பதினொரு பேருக்குப் பக்கத்தில் எங்கள் ஏழு பெடியளும் ஒட்டப்பட்டிருந்தார்கள். இது பிரான்சில் எந்த ஊர் என்று கேட்டாள். "எங்கட ஒழுங்கை" என்று மருமகன் பிரெஞ்சில் சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். பிறகு கடைசித் தாளைத் திருப்பினாள். இதில் யாருமே இல்லையே, அப்பா ஏன் வைத்திருந்தார் என்றாள்.

மருமகன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, முழுவதையும் சொன்னான். கேட்டு முடித்ததும் அவள் எழுந்தாள். புத்தகத்தைப் பழைய பொலித்தீன் பைகளால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனாள்.

விசாரணையில் மருமகனுக்காக வாதாடிய லோயருக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது டொலர் கொடுத்தேன். முசியேவுக்காக நான் செலவழித்தது ஒரு படப் பிரதி, அதை ஒட்ட நான்கு மூலைத் துண்டுகள்: வரியோடு மூன்று டொலர் நாற்பத்தைந்து சதம்.