நடுங்கியது பலகைதான், என் கண் இல்லை

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவரை நான் கைநாட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி நாலு மாதம் ஆகிறது.

இன்று மந்தாரக்குப்பம் டீக்கடையில் புது எல்இடி பலகை மாட்டினார்கள். ஆசையாகப் போய்ப் படித்தேன். எழுத்துகள் நடுங்கின. கடையில் அதைச் சொன்னேன்.

கடைக்காரர் காசிம் பாய் சிரித்தார். "நாங்கல்லாம் படிக்கிறோமே பெரியவரே. கண்ணு ஆப்ரேசன் பண்ணிக்கினு வாங்க."

"நீங்க ஒரே பார்வையில படிச்சிட்டுப் போயிடுறீங்க. நான் ஒவ்வொரு எழுத்துலயும் நின்னுக்கினு இருக்கேன். எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

பலகை செய்த பானு ஏணியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் போலவே ஓர் எழுத்தை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"தாத்தா சொல்றது சரிதாங்க பாய். விளக்கு வரிசையெல்லாம் ஒண்ணா எரியாது. ஒண்ணு அணைஞ்சப்புறம் அடுத்தது எரியும். அந்த வேகத்தைக் கம்மியா வெச்சிட்டேன்."

வேகத்தைக் கூட்டினார். நடுக்கம் நின்றது.

"வெயில்ல மங்கலாத் தெரியுதேம்மா" என்றேன்.

"ஒரு வரிசைக்கு எரிய கொஞ்ச நேரந்தான் கிடைக்குது தாத்தா. அந்த நேரத்துக்குக் கரண்டை ஏத்தி விடுறேன்."

எழுத்து பளிச்சென்று நின்றது. டீ குடித்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"சூ... டா... ன... மெ... து... வ... டை."

காசிம் பாய் தட்டில் ஒரு வடையை வைத்து என் பக்கம் தள்ளினார்.

உங்கள் பக்கம் ஏதாவது பலகை நடுங்குகிறதா? எழுதுங்கள். வந்து மெதுவாகப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.