ஊசிக் காய்ச்சல்

பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் எங்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதற்குள் தலையை ஒட்ட மழித்திருந்தார்கள். ஆளுக்கொரு கறுப்பு டிரங்குப் பெட்டி, கம்பளி, தட்டு, குவளை கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போன சட்டையையும் பேண்டையும் வாங்கி மூட்டை கட்டி எங்கோ வைத்துவிட்டார்கள். போர்வை மடிப்பு கோணலாக இருந்தால் மைதானத்தை முட்டிபோட்டுச் சுற்ற வேண்டும். இதையெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து முன்பே பட்டாளத்துக்குப் போனவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊசியைப் பற்றி மட்டும் சிரித்துவிட்டு, "போ, தெரியும்" என்றார்கள்.

இடுப்புக்கு மேல் துணியில்லாமல் இரண்டு வரிசையாக நின்றோம். வலது கையில் ஒன்று, இடது கையில் இரண்டு. டைபாய்டுக்கு, ரணஜன்னிக்கு, கல்லீரலைத் தாக்கும் காமாலைக்கு என்று உஸ்தாத் இந்தியில் சொல்லிக்கொண்டே போனார். பயிற்சி கொடுக்கும் ஹவில்தாரை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எனக்கு முன்னால் நின்ற என் சிநேகிதன்தான் திரும்பாமலே, உதடு அசையாமல், தமிழில் சொன்னான். ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் காய்ச்சல் இருக்கிறதா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள் என்றும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மாமு, காலைலேர்ந்து உடம்பு ஒரு மாதிரியா கீது. ஜொரம் கீதுன்னு சொல்லட்டா?"

அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

"சொல்லாத. சொன்னா அடுத்த பேட்ச்ல தள்ளிடுவானுங்கோ. அப்பால நான் தனியா இன்னா பண்றது?" என்றேன்.

அவன் சொல்லவில்லை.

நான் எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். கழிமுகத்தில் மீன் குறைந்துபோன பிறகு, இந்தத் தொழிலை நம்பாதே என்று அவரேதான் என்னைப் பட்டாளத்துக்கு விரட்டினார். நான்கு வருஷ வேலை, அதற்குப் பிறகு சிலரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் சேர்ந்தேன். சிநேகிதன் ராயபுரத்துப் பையன். அவனுடைய அத்தா, அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், தண்டையார்பேட்டையில் துறைமுக லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருந்தார். வீட்டில் பேச்சு தமிழ்தான். ஆனால் வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவிலேயே வளர்ந்தவன், இந்துஸ்தானி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் பழக்கமானோம். அவன் ஓடினால் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன், அப்படி ஓடுவான். ஆள் சேர்ப்பு நாளில் கடைசிச் சுற்றில் நான் பின்தங்கியபோது வேகத்தைக் குறைத்து என் பக்கத்திலேயே வந்து, திட்டித் திட்டி என்னைக் கோட்டைத் தாண்டவைத்தான். அவன் முதல் ஐந்து பேரில் வந்திருக்க வேண்டியவன்.

நாங்கள் ரயிலேறுவதற்கு ஒரு வாரம் முன்னால் பெருமழை. ராயபுரம், தண்டையார்பேட்டைச் சந்துகளில் சாக்கடையும் மழையும் ஒன்றாகி முட்டியளவு நின்றது. அத்தாவின் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட, நனையாத தார்ப்பாய்களைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றினான். இரண்டு நாள் அந்தத் தண்ணீரிலேயே நின்றான். புது ஓட்ட ஷூ கடித்து அவன் குதிகாலில் புண் இருந்தது. நானும் ஒரு நாள் போய் ஒத்தாசை செய்தேன். செத்த எலி ஒன்று மிதந்து வந்ததைக் காலால் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் மழைக்காலம் என்றால் இதுதான், யாரும் அதைப் பெரிதாக நினைக்கமாட்டோம்.

ஊசி போட்ட மறுநாள் பாசறையில் பாதிப் பேருக்குக் கை தூக்க முடியவில்லை. பலருக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. அன்று ஓட்டமில்லை, புல் பிடுங்குகிற வேலைதான் கொடுத்தார்கள். மாலைக்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அவனுக்குச் சரியாகவில்லை. கெண்டைக்கால் சதையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. கெண்டைக்கால் யாருக்குத்தான் வலிக்கவில்லை? வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருந்தோம்.

மறுநாள் காலை அவன், மருத்துவ அறைக்குப் போகப் பேர் கொடுக்கப் போகிறேன் என்றான். பேர் கொடுப்பவனை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், வேலைக் கள்ளன் என்று பட்டம் வைப்பார்கள். அதைச் சொல்லித்தான் தடுத்தேன். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. அவன் அடுத்த அணிக்குப் போய்விட்டால் எனக்கு அங்கே வாய் கிடையாது, காது கிடையாது. உஸ்தாத் ஓடு என்றாரா, உட்கார் என்றாரா என்று சொல்ல ஆள் கிடையாது.

"ஊசி ஜொரம் தான் மாமு. எனக்கும் தான் இருந்துச்சு, போய்ச்சு. இன்னிக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சிக்க" என்றேன்.

என் பேச்சைக் கேட்டான். அன்று மூன்றாவது சுற்றில் விழுந்தான். கால் இடறி விழுந்தவன் கையை ஊன்றுவான். இவன் ஊன்றவில்லை.

மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள், ஒரே ஊர்க்காரன் என்பதால். அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாறியிருந்தது. சிறுநீர் பிரியவில்லை என்று டயாலிசிஸ் கருவியில் பொருத்தியிருந்தார்கள். டாக்டர் கேரளத்துக்காரர், தமிழ் பேசினார். காய்ச்சல் என்று தொடங்கியது என்று கேட்டார். பக்கத்தில் உஸ்தாத் நின்றிருந்தார், நான் சொல்வதை டாக்டர் அவரிடம் இந்தியில் சொல்லிவிடுவார். காய்ச்சலை மறைக்கச் சொன்னது நான்தான் என்று தெரிந்தால் என்னைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஊசி போட்ட பிறகுதான் சார், என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, வருவதற்கு முன் தேங்கிய தண்ணீரில் நடந்தானா, காலில் புண் இருந்ததா என்று கேட்டார். அதற்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன். தலையாட்டினார். இது எலிக்காய்ச்சல், எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாக உள்ளே போவது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். ரத்தத்தில் பார்த்துவிட்டார்களாம், மருந்தும் தொடங்கிவிட்டார்களாம். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் சாதாரண மாத்திரையிலேயே நின்றிருக்கும் என்றும் சொன்னார். என்னைக் குற்றம் சொல்வதுபோல் அவர் சொல்லவில்லை.

அங்கிருந்தே அவன் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள், ஊர்க்காரன் நானே தமிழில் பேசட்டும் என்று. அவனுடைய அத்தா எடுத்தார். டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்பலேர்ந்து ஜொரம்?" என்று அவரும் கேட்டார். டாக்டரிடம் சொன்னதை அதற்குள் மாற்றப் பயந்தேன். ஊசி போட்டதிலிருந்து என்று அவரிடமும் சொன்னேன். மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் அவன் இறந்துபோனான். உடலை விமானத்தில் அனுப்பினார்கள். எனக்கு லீவு இல்லை. பயிற்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவன் கட்டிலை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வரிசையை நெருக்கி நின்றுகொண்டோம். ஒரு மாதம் கழித்துக் காமாலை ஊசியின் இரண்டாம் தவணைக்கு மறுபடி சட்டையைக் கழற்றி நின்றபோது, பழைய பட்டியலை வைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா அவன் பெயரைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். உஸ்தாத் போய்க் காதில் ஏதோ சொல்ல, பேனாவால் அடித்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். அது என் பெயர். அதற்குள் நான் இந்தி கற்றிருந்தேன். பிழைக்க வேண்டும் என்றால் எல்லாம் வந்துவிடுகிறது. அவன் இல்லாமல் முடியாது என்று நான் நினைத்தது வெறும் சோம்பல்.

பயிற்சி முடிந்து லீவில் வந்த இரண்டாம் நாள் பகலில் ராயபுரத்துக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். மூத்தவள், அவன் அக்கா, பிறந்து எட்டு ஒன்பது மாதமான குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். டீ கொடுத்தார்கள். அவன் எப்படிச் சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சொன்னேன். ஊசி போட்டே தன் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்று அம்மா அழுதார். ஆஸ்பத்திரிப் பேப்பரில் இங்கிலீஷில் வேறு என்னவோ எழுதியிருக்கிறார்கள், அவர்கள் தப்பை அவர்களே எழுதுவார்களா என்றார். பேச்சுவாக்கில்தான் அது தெரிந்தது: அவன் போன பிறகு அக்கா தன் குழந்தைக்கு ஒரு ஊசியும் போடவில்லை. வீடு தேடி வந்த நர்சை மூன்று தடவை வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள்.

டீ பாதியிலேயே இருந்தது. கீழே வைத்தேன்.

"ஊசியால இல்ல," என்றேன். "ஊசிக்கு முன்னாடியே அவனுக்கு ஜொரம் இருந்துச்சு. நான் தான் மாத்திச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அத்தா தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஜொரம்னு சொல்லட்டான்னு உன்கிட்ட கேட்டானா?"

"கேட்டான்."

"நீ வேணாம்னுட்ட."

"ஆமா பாய்."

பிறகு, "எந்தத் தண்ணி?" என்றார்.

தெருவில் நின்ற தண்ணீர்தான், எல்லோரும் நடந்த தண்ணீர்தான் என்றேன். கடை என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் தன் மகன் எங்கே நின்றான் என்று அவருக்குத் தெரியாதா? தார்ப்பாய் தைத்துக் காய்த்துப்போன தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அதுவும் செய்யவில்லை.

"எழுந்து போ நைனா," என்றார். "என் கண்ணுல படாத."

அம்மா என் கையை எப்போதோ விட்டிருந்தார். நிலைப்படியில் அக்கா எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பத்து நாள் வீட்டில் கிடந்தேன். அப்பாவோடு இரண்டு முறை கடலுக்குப் போனேன். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அக்கா.

மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னாள். விட்டுப்போனதையெல்லாம் அடுத்தடுத்துப் போட்டுவிடலாம் என்று நர்ஸ் சொன்னாளாம். முதல் ஊசி ஆகிவிட்டதாம். ராத்திரியெல்லாம் உடம்பு சுட்டது, உட்கார்ந்தபடியே இருந்தேன், விடிந்ததும் இறங்கிவிட்டது என்றாள்.

அத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கடைக்குப் போறதில்ல," என்றாள். பிறகு, "இத சொல்லணும்னு தான் போன் பண்ணேன். இனிமே நான் பண்ணமாட்டேன். நீயும் பண்ணாத," என்று சொல்லி வைத்துவிட்டாள்.