நம்ம பாஷையில் பேசினவர்

திருப்பதியில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்பது என் பிழைப்பு. தமிழ்நாட்டிலிருந்து வரும் பக்தர்கள் மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாகக் கடைக்குள் கால் வைத்ததும் மேனேஜர் என்னைத்தான் கண்ணால் கூப்பிடுவார். "வாங்கக்கா, எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்று நான் கேட்டால் போதும். வந்து இறங்கியதிலிருந்து தெலுங்கையே கேட்டுக் களைத்தவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் "இந்தக் கலர் இனிமே வராதுக்கா" என்று கொஞ்சம் பயம் காட்ட வேண்டும். "உங்களுக்குன்னே எடுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்று கொஞ்சம் தடவிக் கொடுக்க வேண்டும். இதில் பெரிய பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. சேலை நல்ல சேலைதான்.

அதனால்தான் என் வீட்டுக்காரரின் போனிலிருந்து அந்தக் குரல் முதன்முதலில் வந்தபோது தோசையைத் திருப்பாமல் நின்றுவிட்டேன். "என் அன்புச் சொந்தங்களே, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பித்தது. பின்னால் புல்லாங்குழல். பிறகு குழல் நின்று, நெஞ்சு அடித்துக்கொள்வது போல ஒரு சத்தம். "உங்க உடம்புல தினமும் விஷத்தை ஏத்துறது யாருன்னு தெரியுமா?" கொஞ்சம் மௌனம். மறுபடி புல்லாங்குழல். இந்த ஆள் என் வேலையைத்தான் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் வாங்கக்கா, அப்புறம் பயம், அப்புறம் தடவல். விற்பது மட்டும் சேலை இல்லை, ஒரு கஷாயப் பொடி. அதைக் குடித்தால் இன்சுலின் ஊசியே வேண்டாமாம்.

என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியன். சித்தூர்க்காரர், தெலுங்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் உடம்பு என்று வந்தால் தமிழ் வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்தபடியே தெலுங்கில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சொல்வது சரியாகத்தான் இருக்கும். உட்கார வைத்துப் பேச அவருக்கு நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். குரலுக்கோ நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. கால் எரியுதா, தூக்கம் வரலையா, வீட்டுல யாரும் உங்களைக் கேக்கிறதில்லையா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். இவர் போனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பார். பொடியை வரவழைத்துக் குடிக்கவும், ஊசியைத் தள்ளிப் போடவும் ஆரம்பித்தார்.

"அவரு நம்ம பாஷையில, நம்மளுக்குப் புரியற மாதிரி சொல்லிக்கினு இருக்காரு. அந்தம்மா நம்ம மூஞ்சியக்கூட பாக்கறதில்ல," என்றார்.

"ஏங்க, நானுந்தான் கடையில நம்ம பாஷையில பேசிக்கினு கீறேன். இன்னாத்துக்கு? வியாபாரத்துக்கு."

சொன்னால் ஏறாது என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நாற்காலியில் உட்கார வைத்து வியாபாரம் செய்தே காட்டினேன். தரை துடைக்கும் கிழிசல் சேலையைக் கையில் விரித்து, "என் அன்புச் சொந்தமே, சாப்பிட்டீங்களா? உங்க மானத்தை தினமும் வாங்கறது யாருன்னு தெரியுமா?" என்று நிறுத்தி, வாயாலேயே புல்லாங்குழல் ஊதினேன். எங்கள் மகள் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அப்பனும் மகளும் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்கள். பிறகு அந்த வீடியோவையே சத்தத்தை அடைத்துவிட்டு ஓடவிட்டேன். கையை ஆட்டும் ஒரு ஆள், ஒரு டப்பா, ஒரு போன் நம்பர். "இவ்ளோதானா?" என்றார் அவர். அன்று ஊசி போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுக்கப் போட்டுக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

குரல் என்னைவிடக் கெட்டிக்காரக் குரல். அடுத்து வந்த வீடியோ என்னைப் பற்றியது. "உங்க வீட்டுக்குள்ளயே சில பேர் கேலி பண்ணுவாங்க. தடுப்பாங்க, கத்துவாங்க. அவங்க மேல கோபப்படாதீங்க. பாவம், அவங்களைப் பயமுறுத்தி வெச்சிருக்காங்க." அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அவர் என்னை இரக்கத்தோடு பார்க்க ஆரம்பித்தார். சண்டைக்கு வருகிறவரோடு சண்டை போடலாம். பாவம் பார்க்கிறவரோடு என்ன செய்வது? நான் கத்தக் கத்த, குரல் சொன்னது பலித்துக்கொண்டே போனது. கத்தாமல் இருந்தபோதும் ஊசி ஃப்ரிட்ஜிலேயே கிடந்தது. ஆத்திரத்தில் ஒருநாள் பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். புது டப்பா கூரியரில் வந்தது.

எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு தேறிவிட்டதா என்பதை ஆஸ்பத்திரி சொன்னால் யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகள் சொல்ல வேண்டும். "ஆபரேஷன் ஆன மனுஷன், மலைக்கு நடந்தே ஏறிட்டாரு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. இவரும் கிளம்பினார், வெறுங்காலோடு, நல்ல வெயிலில். மகள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். அவள் படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்தபடி ஏற, இவர் கோவிந்தா போட்டுக்கொண்டு முன்னால் போனாராம். எங்கேயும் உட்காரவே இல்லையாம். தரிசனம் முடித்து வந்து, மறுநாள் காலையில் வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது.

"பாத்தியாடி? சாமியே சொல்லிட்டாரு," என்று மெஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அவ்ளோ படி ஏறி, க்யூவுல பட்டினி கெடந்தா யாருக்குத்தாங்க கொறையாது?"

"உடும்மா. நைனா எவ்ளோ சந்தோசமா இருக்காரு பாரு," என்றாள் மகள்.

சந்தோஷமாகத்தான் இருந்தார். அப்படி ஒரு மலர்ச்சியை அவர் முகத்தில் நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்று எழுதினால் பொய். கெடுக்கத்தான் பார்த்தேன். என் பேச்சைக் கேட்க ஆளில்லை. இரண்டு பேரும் லட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கூரையில்லாத இடங்களில் கொதித்துக் கிடந்த கல் அவர் உள்ளங்காலில் கொப்புளம் போட்டிருந்தது. சர்க்கரை முற்றிய காலுக்கு வலி தெரியாது. வலிக்காததால் அவர் கவனிக்கவே இல்லை. வீட்டில் ஒரு வாடை வந்த பிறகுதான் நான் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து, புண்ணாகி, கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். குரலின் ஆட்களிடம் போனில் கேட்டார். கெட்ட நீர் வெளியே போகிறது, நல்லதுதான் என்றார்களாம். பிறகு குளிர்க் காய்ச்சல் வந்தது. பேச்சு குழற ஆரம்பித்ததும் நான் யாரையும் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்சுலினை நிறுத்திவிட்டாரா என்று மட்டும் தெலுங்கில் கேட்டார். நான் தலையாட்டினேன். நர்ஸ் ஊசியோடு வந்தபோது இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசி வேணாண்டி. சொல்லுடி அவங்ககிட்ட."

"வேயண்டி மேடம்," என்றேன் நான். போடுங்கள் என்று அர்த்தம். அவருக்குத் தெலுங்கு தெரியுமே. கையை விட்டுவிட்டார். காலின் விஷம் அதற்குள் ரத்தம் முழுக்க ஏறியிருந்தது. மறுநாள் போய்விட்டார். கடைசியாக அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், அதைத்தான் நான் செய்யவில்லை. செய்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அந்தக் கை விட்டது இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

காரியம் சித்தூரில் அவருடைய அக்கா வீட்டில் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, மகள் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து அவருடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லாங்குழல் கேட்டது. "குணமாகிக்கிட்டு வர்றவங்களையும் கடைசி நேரத்துல பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. அங்க போடுற ஊசியிலதான் சொந்தங்களே எல்லாம் முடிஞ்சு போகுது."

மகள் நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நீ இட்டுக்கினு போற வரைக்கும் நைனா பேசிக்கினுதான இருந்தாரு? ஊசி போட்டாங்க, போயிட்டாரு. அவரே வேணான்னு சொன்னாருன்னு அத்தைகிட்ட நீதான சொல்லி அழுத? நீ இன்னாத்துக்கும்மா போடச் சொன்ன?"

அந்தப் போனைப் பிடுங்கித் தரையில் அடிக்கக் கை பரபரத்தது. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. நிறுத்திய ஊசி, பட்டினியால் குறைந்த சர்க்கரை, கொதித்த கல், கொப்புளம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் அவளுக்குப் புரியும், படித்த பெண். புரிந்த மறு நிமிஷம், அந்த வெறுங்காலுக்குப் பின்னால் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறியது யார் என்று அவளுக்குத் தோன்றும். "உடும்மா" என்றது யார் என்று தோன்றும். சின்னப் பெண். அதைச் சுமந்துகொண்டு இன்னும் எத்தனை வருஷம் அவள் இருக்க வேண்டும்? குரலுக்கு முகம் போனுக்குள் மட்டும்தான், விலாசம் இல்லை. அவள் கோபத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது நான்தான்.

"ஆமாண்டி கண்ணு, நான்தான் போடச் சொன்னேன்," என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில் இறங்கி, பஸ் மாறி, சித்தூரில் அத்தை வீட்டுக்குப் போகிறாள்.