உதைக்கிற வண்டி

எங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல ஒரு காரைப் பத்திச் சொல்லணும். சிரிக்காதீங்க, அவரைக் கேட்டாலும் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பார்.

அவர் லாரி டிரைவர். பதினாறு வருஷம் ஓட்டினார். ஒரு நாள் சுமை இறக்கறப்போ இரும்புச் சட்டம் சரிஞ்சு இடது கால்ல விழுந்தது. முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியிலயே அளவெடுத்து ஒரு மரக்கால் செஞ்சு கொடுத்தாங்க. அதுக்குப் புது ஷூ மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவுக்குப் பின்னால சாத்தி வச்சவர்தான். ரெண்டு வருஷம் தொடலை. ஊன்றுகோலை வச்சுக்கிட்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடை. தெருவுல லாரி போனா, "கியரை மாத்துடா மடையா, இன்ஜின் அழுவுது பாரு"ன்னு கத்துவார். லாரிக்காரனுக்கா கேக்கும்? எனக்குத்தான் கேக்கும். ஒரு நாள் கோபத்துல அந்த மரக்கால்ல குடையைக் கொண்டுபோய் மாட்டினேன். சும்மா நிக்கறதுக்கு அதுக்காவது ஒரு வேலை இருக்கட்டுமேன்னு.

எனக்கு வாய்தான் இப்படி. உள்ளுக்குள்ள பயம். ஒரு நாள் சாப்பிடறப்போ, "நான் உனக்குப் பாரம்"னார். சண்டை போட்டுச் சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உப்பு எடுன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னார். அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இந்த மனுஷன் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலைன்னா எனக்கு மிஞ்ச மாட்டார்னு.

நான் துணி தைக்கிறவ. மூணு தெரு தள்ளி ஒரு பல் டாக்டரம்மா இருந்தாங்க, வயசாகி வேலையை விட்டவங்க. ஒரு நாள் கூப்பிட்டு, "காருக்கு ஒரு உறை தைக்கணும்"னாங்க. ஷெட்டைத் திறந்தாங்க பாருங்க, அம்மாடி! ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச அஞ்சாறு வருஷத்துல இங்கிலாந்துல செஞ்சதாம். கறுப்பு உடம்பு, வெள்ளி மூக்கு, உள்ளே மரப்பலகையும் தோல் சீட்டும். மூக்குலேர்ந்து வால் வரைக்கும் என் டேப்பை நாலு தடவை போட்டேன்.

"இவ்வளவு அழகான வண்டியை எதுக்கும்மா மூடி வைக்கறீங்க?"

"இது உதைக்கும்"னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் விளக்கினாங்க. மத்த வண்டியில கிளட்ச் இருக்கிற இடத்துல இதுல வேறொரு பெடல் இருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் குச்சி. அடுத்து எந்த கியர் வேணுமோ அந்தக் குச்சியில முதல்லயே தள்ளி வச்சுடணும். அப்போ ஒண்ணும் நடக்காது. கியர் மாறணும்கிறப்போ பெடலை அடி வரைக்கும் மிதிச்சு விடணும், அவ்வளவுதான். ஆனா பாதி மிதிச்சா போச்சு, பெடல் எகிறி வந்து காலைப் பதம் பார்த்துடும். டாக்டரம்மாவே முப்பது வருஷம் ஓட்டினவங்க. கண் மங்கினதும் டிரைவர் வச்சாங்க. வந்தவங்க எல்லாருக்கும் கிளட்ச் பழக்கம். கால் தானா பாதியில நிக்கும், மெல்ல விடும். நாலு பேர் ஓடிட்டாங்க. கடைசியா வந்த மீசைக்காரர் வீங்கின காலோட சாவியைப் பூந்தொட்டியில வீசிட்டுப் போயிட்டாராம்.

எனக்குக் கையில பிடிச்ச டேப்பு அப்படியே நின்னுபோச்சு. உதைச்சா உதைக்கட்டுமே! எத்தனை உதை விழுந்தாலும் வலிக்காத ஒரு கால் எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால குடையைச் சுமந்துக்கிட்டு நிக்குதே! "எங்க வீட்டுக்காரர் டிரைவர்தாங்க"ன்னு மட்டும் சொன்னேன். காலைப் பத்தி மூச்சு விடலை.

வீட்டுக்கு வந்து குடையைக் கழட்டினேன், காலைக் கொண்டுபோய் அவர் மடியில போட்டேன்.

"கால் இல்லாதவனைக் கூட்டிப்போய் வேடிக்கை காட்டப் போறியா?"ன்னார்.

"நீளமா பேன்ட் போட்டுக்குங்க. நடக்கறது உங்க வேலை, பேசறது என் வேலை."

"அது என்னிக்கும் உன் வேலைதானே"ன்னார். ரெண்டு வருஷத்துல அவர் அடிச்ச முதல் கிண்டல். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

நாலு நாள் கட்டிலுக்கும் தெருமுனைக்கும் நடந்து பழகினார். அஞ்சாம் நாள் கூட்டிப்போனேன். டாக்டரம்மா முன்சீட்டுல அவர் பக்கத்துல ஏறி உக்காந்தாங்க. நான் கதவுப் பக்கம் நின்னுக்கிட்டேன். இன்ஜின் ஓடற சத்தமே கேக்கலை. குச்சியைத் தள்ளினார். பெடலை மிதிச்சார்.

பதினாறு வருஷப் பழக்கம் பாதத்தோட போயிடுமா? தொடையில இருந்திருக்கு. பாதியில நிறுத்தினார். பெடல் எகிறி வந்து அடிச்சது. டொக்! காலியான பெட்டியைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். மீசைக்காரர் அலறினது தெருமுனை வரைக்கும் கேட்டுதாம். இவர் ஒரு "ஸ்"கூடச் சொல்லலை.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தா இப்படித்தான். அவர் முகம் வெளுத்துப்போச்சு. கதவைத் திறந்து இறங்கப் போயிட்டார். "தப்பு என் மேலதாம்மா, நான்தான் மறைச்சேன்"னு நான் அழ ஆரம்பிச்சேன்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "வலிச்சுதா தம்பி?"ன்னு அவரைக் கேட்டாங்க.

"இல்லைங்க."

"அப்போ கதவை மூடுங்க. இந்தத் தடவை முழுசா மிதிங்க." அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாங்க. "நாப்பது வருஷம் பொய்ப்பல் கட்டினவம்மா நான். எது சொந்தம், எது வச்சதுன்னு வாசப்படி ஏறறப்பவே தெரியாதா? நான் கட்டின பல்லால ஜனங்க கடலை கடிக்கறாங்க. இவர் ஒரு பெடலை மிதிக்க மாட்டாரா?"

மிதிச்சார். மரக்காலுக்குப் பாதி எது, முக்கால் எதுன்னு தெரியாது. அவரும் அதைக் கேக்காம, தொடையால ஒரே தள்ளா அடி வரைக்கும் தள்ளினார். வண்டி சத்தமில்லாம நகர்ந்தது. முதல்ல ஷெட்டைச் சுத்தி, அப்புறம் பின்னால இருந்த மைதானத்தைச் சுத்தி. ஒரு சுத்துன்னு போனவங்க, பதினோரு சுத்து. எண்ணினேன், வேற என்ன செய்ய? இறங்கி வந்தவர் பானெட் மேல கையை வச்சுக்கிட்டே நின்னார்.

லைசன்ஸ் ஆபீஸ்ல அதே வண்டியில ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. காட்டினார். இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும்னு முத்திரை குத்திக் கொடுத்தாங்க. போதும் சாமி, ஒண்ணு போதும்! உறைக்கு வெட்டின துணியை என்ன செய்யன்னு கேட்டேன். "ஜன்னலுக்குத் திரை தச்சுக்கோ"ன்னாங்க டாக்டரம்மா. எங்க வீட்டு ஜன்னல்ல இன்னும் தொங்குது. அவர்தான் இப்போ ஜன்னல் பக்கமே வர்றதில்லையே.

அந்த அம்மாவை நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. அந்த வண்டியையும்தான். ரெண்டு கால் இருந்தவங்களை எல்லாம் உதைச்சு விரட்டிட்டு, ஷெட்டுக்குள்ள எங்களுக்காகவே காத்துக்கிட்டு நின்ன வண்டி அது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். அவர் ஷூவை எடுத்துக்கிட்டு செருப்பு தைக்கிறவர்கிட்டப் போனேன். ரெண்டையும் புரட்டிப் பார்த்தார். வலதுல ஒண்ணும் இல்லை. இடதுல அடித்தோல் தேஞ்சு, விரல் நுழையற அளவுக்கு ஓட்டை.

"என்னம்மா இது, ஒரு கால் மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு?"

"நல்ல தோலாப் பார்த்துப் போடுங்கண்ணே"ன்னேன். "எங்க வீட்ல சம்பாதிக்கிற கால் அது."